காசிம் மச்சான் கொண்டுவந்த கார்டு

"…கிழிக்க வேண்டாம்னு சொல்லுங்க மாப்ளே. பேனாவை மட்டும் இப்பிடிக் குடுங்க."

சொன்னவர் காசிம் மச்சான். என் மனைவி ஜொகராவின் அண்ணன். விருதுநகரில் மல்லி, வத்தல் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். சொன்ன இடம் நயாகரா அருவிக்கு அருகே, அமெரிக்கக் கரையில், ஒரு மீன் உணவகத்தின் வாசலில் கார்கள் நிற்கும் திடல். கிழிக்க இருந்தவர் அந்த உணவகத்து மேனேஜர். கிழிபட இருந்தது, மச்சான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு கார்டு சீட்டு.

பேனாவை வாங்கி அவர் என்ன செய்தார் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் உங்களுக்கு அது ஒரு சின்னக் கிறுக்கலாகத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

1

இந்த மாதத்தோடு நான் ஊரை விட்டு வந்து இன்னொரு வருடம் முடிகிறது. சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மத்தாப்புப் பெட்டி லேபிள் ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது க்ளீவ்லாந்து பக்கத்தில் மருந்து டப்பாக்களுக்கு லேபிள் ஓட்டுகிறேன். எங்கே போனாலும் லேபிள்தான். காலையில் கார், பகலில் மெஷின், நடுவில் ஜொகரா கட்டிக்கொடுத்த சோறு, சாயங்காலம் மறுபடி கார். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. யாராவது வந்தால்தான் எழுத ஏதாவது கிடைக்கிறது.

வந்தவர் காசிம் மச்சான் ஒருவர்தான். 2007 கோடையில் வந்தார். மாமியார் மௌத்தான பிறகு ஜொகரா ஊருக்குப் போகவில்லை. போனால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அது எப்படியோ மண்டிவரை போய்ச் சேர்ந்துவிட்டது. "யாரு இருக்காகளா? நான் என்ன, தூணா நிக்கேன் இங்கன?" என்று போனில் கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "சரி, நீ வர வேண்டாம் தாயி. நானே வாரேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் தங்கச்சி வீட்டுக்கு அண்ணன் போவதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கை நிறையக் கொண்டுபோக வேண்டும். போன இடத்தில் மாப்பிள்ளையைச் செலவு செய்ய விடக் கூடாது. உள்ளூர் என்றால் ஒரு நாள் தங்கி, பிள்ளைகள் கையில் பணத்தைத் திணித்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். இது ஒரு மாதத் தங்கல். இந்த ஊரில் ஒரு மாதம் கை நீட்டாமல் இருப்பது எப்படி? மச்சானுக்கு அமெரிக்கா வருவதைவிட அதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது.

2

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் கிரெடிட் கார்டு.

அந்த வருடங்களில் நம் ஊர்ப் பக்கம் பேங்குகளிலிருந்து டை கட்டிய பையன்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். வெளிநாடு போனால் டாலரைச் சுமக்க வேண்டாம், உரசினால் போதும் என்று ஒரு பையன் சொல்லியிருக்கிறான். மச்சானுக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் கடன் என்ற பெயர் பிடிக்கவில்லை. கடன் வந்தால் பின்னாலேயே வட்டி வரும். வட்டிக்கு வாங்குவதும் கொடுப்பதும் அவர் மண்டியில் கிடையாது. வத்தல் லோடை ஏற்றிவிட்டு, பணம் வர மூன்று மாதம் ஆனாலும் சும்மா இருப்பாரே தவிர, மேலே ஒரு காசு கேட்க மாட்டார்.

என்ன செய்தார் தெரியுமா? பயணத்துக்கென்று எடுத்துவைத்த மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே அந்தக் கார்டுக் கணக்கில் கட்டிவிட்டார்.

"சார், இது கடன் கார்டு. நீங்க செலவழிச்ச பிறகு கட்டுனாப் போதும்" என்றானாம் பேங்குப் பையன்.

"கட்டிட்டுச் செலவழிச்சா உங்க மெஷின் கோவிச்சுக்கிருமா?"

"கோவிக்காது சார். ஆனா யாரும் இப்படிச் செய்றதில்ல."

"நான் செய்றேன். உள்ள இருக்கிறது தீந்துச்சுன்னா நானும் உரசுறதை நிறுத்திருவேன். ஒரு ரூவா கடன் ஏறக் கூடாது, ஆமா."

அதே பேங்கில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. எங்கள் வியாபாரிகளில் பலருக்கு எந்தத் தாளிலும் முதலில் 786 என்று போட்டுவிட்டுத்தான் கீழே எதுவும் எழுத வரும். அல்லாவின் பெயரால் தொடங்குகிறேன் என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். பக்கத்து மண்டி அண்ணாச்சி பிள்ளையார் சுழி போடுவதுபோல. மச்சான் விண்ணப்பத்தின் தலையில் 786 போட்டிருக்கிறார். அங்கே எதுவும் எழுதக் கூடாது என்று பையன் வேறு தாள் கொடுத்திருக்கிறான். அதிலும் போட்டிருக்கிறார். மூன்றாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு பையன் தயங்கியபோது, "எத்தனை தாள் குடுத்தாலும் அது வரும்யா. அது வராம கையெழுத்து வராது" என்றாராம்.

இதையெல்லாம் வந்த முதல் நாளே சாப்பாட்டு மேசையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

3

கார்டை அவர் முதன்முதலில் எடுத்தது ஒரு பழக்கடையில், மாம்பழப் பெட்டி வாங்குவதற்காக. கார்டு வேலை செய்யவில்லை. கல்லாவில் இருந்த பெண் மெஷினைப் பார்த்து, மச்சானைப் பார்த்து, தலையை ஆட்டினாள். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் என் கார்டை எடுத்தேன். மச்சான் மாம்பழப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே அடுக்கி வைத்துவிட்டு வந்தார்.

வீட்டிலிருந்து, கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டோம். சுற்றிச் சுற்றி கடைசியில் தமிழ் பேசும் ஒரு பையன் கிடைத்தான். திடீரென்று அமெரிக்காவில் உரசியதால் திருட்டோ என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் திறந்துவிடுவார்களாம்.

"உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்."

"பள்ளிக்கூடத்துல போட்டதா, பொறந்ததா?"

"…ஃபார்ம்ல இருக்கிறது சார்."

"அப்ப பள்ளிக்கூடத்துது." சொன்னார். சரியாக இருந்தது.

"உங்க அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேரு சார்?"

"பாத்திமா."

"அது கல்யாணத்துக்கு அப்புறம் சார். அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் பாத்திமாதாம்யா. பேரை மாத்துறதுக்கா எங்க அத்தா கல்யாணம் முடிச்சாக?"

ஜொகரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அவளுக்கும் அதே அம்மாதானே. பையன் விடவில்லை. நீங்கள் விண்ணப்பத்தில் வேறு ஏதோ கொடுத்திருக்கிறீர்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றான். மச்சான் கூரையைப் பார்த்து யோசித்தார்.

"ஒருவேளை பொறந்த வீட்டையா கேக்குறீக? சூலக்கரை."

"கரெக்ட் சார். நன்றி சார். கார்டு இப்ப வேலை செய்யும்."

கல்யாணத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் இருந்தது என்று அந்தத் தாள் கேட்டிருக்கிறது. மச்சான் ஊர் என்று எழுதியிருக்கிறார். இங்கே வந்த புதிதில் அதே கேள்விக்கு நான் என் அம்மாவின் பெயரையே மறுபடி எழுதி, அலுவலகத்தில் திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பதில் என்னுடையதைவிட மேல்.

மறுநாள் அதே கடைக்குப் போய், அதே மாம்பழப் பெட்டியை எடுத்து, அதே பெண்ணிடம் கார்டை நீட்டினார். வேலை செய்தது. வெளியே வந்து சீட்டின் நகலைக் காட்டினார். தலைப்பில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அங்கே 786, கீழே தமிழில் கையெழுத்து.

ரூபாயை டாலராக மாற்ற பேங்க் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது என்று சொன்னேன். அதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். "மாத்திக் குடுக்குறவனுக்குத் தரகு உண்டுல்ல? நானும் தரகு வாங்கிச் சாப்புடுறவன்தான்" என்றார்.

4

என் மகள் ஷமீமாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். மாமாவுக்காகக் கொஞ்சம் முயற்சி செய்தாள். "சாப்பிட்டீகளா தாயி?" என்று மாமா கேட்க, "நான் சாப்பிட்டீக மாமா" என்றாள். நான் திருத்தப் போனேன். மச்சான் கையமர்த்தினார். "தனக்குத்தானே மரியாதை குடுத்துக்கிடுறா. நல்லதுதானே, விடுங்க மாப்ளே."

நான் வேலைக்குப் போய்விடுவேன். ஷமீமாதான் அவரைப் பக்கத்துக் கடைகளுக்கு நடத்திக்கொண்டு போவாள். பாத்திரக் கடையில் ஒரு மின் தராசு. உள்ளங்கை அகலம், மேலே கண்ணாடி. ஒரு மல்லி விதையை வைத்தால்கூட எண் அசையும் என்று வந்து சொன்னார். கையோடு சாம்பிள் மல்லி கொண்டுவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சட்டைப் பையில் பொட்டலம். மண்டியில் சாம்பிள் பார்க்க அந்தத் தராசு இருந்தால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மறுநாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாங்கிர வேண்டியதுதானே மச்சான்?"

"கடைசியில வாங்குவோம். உங்க எல்லாத்துக்கும் ஒரு விருந்து வைக்கணும். அதுபோக மீதி என்னா நிக்கிதோ, அது தராசுக்கு."

நான் அடிக்கடி முந்திக்கொண்டு பணம் கொடுத்ததில் அவருக்கு வருத்தம் சேர்ந்துகொண்டே வந்தது. காபி குடித்தாலும் நான், பெட்ரோல் போட்டாலும் நான். "மாப்ளே, நீங்க என்னைய ஊருக்குத் தலைகுனிஞ்சு அனுப்புறதுன்னே முடிவு பண்ணிட்டீக" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜொகரா என்னைப் பார்த்தாள். நயாகராவில் சாப்பாடு அண்ணன் பொறுப்பு, நான் பையில் கை விடக் கூடாது என்று அன்று ராத்திரி உத்தரவு வந்தது.

ஜூலை நாலாம் தேதி, இவர்கள் வெடி போடும் சுதந்திரத் திருநாளுக்கு ரோட்டோரம் கூடாரம் கட்டி வெடி விற்றார்கள். இறங்கிப் பார்த்தோம். எல்லாம் சீனத்துச் சரக்கு. மச்சான் விலையைப் பார்த்தார். நான் லேபிளைப் பார்த்தேன். அச்சில் சிவப்பு மட்டும் ஒரு நூல் விலகியிருந்தது. எங்கள் சிவகாசி ஃபோர்மேன் பார்த்திருந்தால் மொத்த ஆர்டரையும் திருப்பியிருப்பார். எங்களிடம் லேபிள் வாங்கும் எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனிக்காரர்கள் அதைவிடக் கோபக்காரர்கள். இருவரும் எதுவும் வாங்காமல் காரில் ஏறினோம்.

5

அருவியைப் பற்றி எழுத மாட்டேன். படத்தில் பார்த்திருப்பீர்கள். மச்சான் ஒரே ஒரு கருத்துச் சொன்னார்: "இதுல பத்துல ஒண்ணு நம்ம பக்கம் விழுந்திருந்தா நாம வெடி வேலைக்குப் போயிருக்க மாட்டோம். வயலுக்குப் போயிருப்போம்."

பிறகு மீன் உணவகம். பரிமாறியவள் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். லிண்டா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. இங்கே சாப்பாட்டுக் கடைப் பெண்கள் யாரையும் 'தேனே' என்று கூப்பிடுவார்கள், அதில் ஒன்றும் இல்லை. அவள் மச்சானையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"என்னா சொல்லுது இந்தம்மா?"

"அண்ணாச்சின்னு சொல்றாக" என்றாள் ஜொகரா, முகம் மாறாமல்.

ஷமீமா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் புரையேறி இருமினாள்.

மச்சான் அந்தப் பெண்ணின் நடையைக் கவனித்துக்கொண்டே இருந்தார். வலது முழங்காலை மடக்காமல் நடந்தாள். எங்கள் மேசைக்கு மட்டும் பத்துத் தடவையாவது வந்து போனாள். "உக்காரவே விட மாட்டாகளா இவுகளை?" என்றார். இங்கே பரிமாறுகிறவர்களுக்குக் கடை கொடுக்கும் சம்பளம் கொஞ்சம்தான், சாப்பிடுகிறவர்கள் வைத்துவிட்டுப் போவதுதான் வருமானம் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இதுவரை எல்லா இடத்திலும் நானே கொடுத்து நானே வைத்துவிட்டு எழுந்ததில், அப்படி ஒரு வழக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு அது தோன்றவில்லை. பில்லுக்குக் கை நீட்டாமல் இருப்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது.

லிண்டா கார்டை வாங்கிக்கொண்டு போய், சின்ன அட்டைக்குள் சீட்டையும் பேனாவையும் வைத்துக் கொண்டுவந்தாள். மச்சான் கை துடைக்கும் துணியை எடுத்துச் சீட்டின்மேல் போட்டுக்கொண்டார். மண்டியில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசிப் பழகிய கை. எவ்வளவு ஆயிற்று என்பது மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது. துணிக்கடியிலேயே பேனா ஓடியது. அட்டையை மூடி நகர்த்தினார். "ஆச்சு, கெளம்புவோம்."

காரில் ஏறப் போகும்போது பின்னால் சத்தம் கேட்டது. லிண்டா, மடங்காத காலோடு ஓடி வந்தாள். பின்னாலேயே ஒரு இளைஞன், இடுப்பில் சாவிக் கொத்து. மேனேஜர். அவள் ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள். மறு கையில் சீட்டு.

"இது சரிதானா என்று கேட்க வந்தேன்" என்றாள் என்னிடம்.

பார்த்தேன். மேலே விளிம்புவரை கடையின் படமும் விலாசமும் கார்டு விவரமும் நெருக்கி அச்சாகியிருந்தன. தலைப்பில் நூல் நுழைய இடமில்லை. சாப்பாட்டுக்கு ஐம்பது டாலர் சொச்சம். அதற்குக் கீழே, பரிமாறியவருக்கு எவ்வளவு என்று எழுதுவதற்காக விட்டிருந்த கோட்டில், மச்சானின் கையெழுத்தில் 786. கூட்டுத்தொகை எழுத வேண்டிய கோடு வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே காசிம் என்று தமிழில்.

எழுநூற்று எண்பத்தாறு டாலர். கார்டில் அவ்வளவு இல்லை என்பது எனக்குத் தெரியும். மெஷினில் ஏற்றினால் மச்சான் அன்றே கடன்காரர். அவர் எதைத் தொடக் கூடாது என்று முன்பணம் கட்டிவிட்டு வந்தாரோ, அது.

நான் ஆங்கிலத்தில் தடுமாறினேன். தவறு, பணம் இல்லை, எண், மதம் என்று துண்டு துண்டாக ஏதோ வந்தது. ஷமீமாதான் முன்னால் வந்தாள். "அது பணம் இல்லை. எதை எழுதினாலும் மாமா முதலில் அதைத்தான் எழுதுவார். கடவுள் பெயரைச் சொல்லித் தொடங்குவதுபோல. இடம் இல்லாததால் அங்கே எழுதிவிட்டார்."

லிண்டா சிரித்தாள். காது சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியும். தப்பாகத்தான் இருக்கும் என்று இவரிடம் சொன்னேன். ஒரே ஒரு நிமிடம்தான் நம்பினேன்" என்றாள். "அந்த ஒரு நிமிடத்துக்குள் சமையலறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்."

"பரவாயில்லை, இதைக் கிழித்துவிட்டு வேறு போடுகிறேன்" என்று மேனேஜர் சீட்டை வாங்கிக்கொண்டான்.

"என்னா நடக்குது?" என்றார் மச்சான்.

ஜொகரா சொன்னாள். வழக்கத்தையும் சொன்னாள், எண்ணையும் சொன்னாள், அந்தப் பெண் சமையலறையில் சொன்னதையும் சொன்னாள். மச்சான் லிண்டாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் முழங்காலைப் பார்த்தார்.

"சம்பளத்தை நம்மகிட்டயா வாங்கிக்கிடணும் இவுக? இதை ஏன் மாப்ளே இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லலே?"



"சாப்புட்டதுக்கு எம்புட்டு வைக்கிறது வழக்கம்?"

"நம்ம பில்லுக்கு ஏழு, எட்டு டாலர் மச்சான்."

ஷமீமா சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். ஜொகரா அண்ணனுக்கு அதைத் தமிழில் சொன்னாள்: "ஏழுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருந்தாச் சரியா இருந்திருக்குமாம்ணே. ஏழு டாலரும் சில்லறையும்."

மச்சானின் விரல்கள் சட்டைப் பையில் மல்லிப் பொட்டலத்தைத் தடவிக்கொண்டிருந்தன. கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. போன இரவு அவரே சொன்ன கணக்குதான். விருந்து போக, தராசுக்கென்று கார்டில் எண்பது, தொண்ணூறு டாலர் தேறும்.

மேனேஜர் இரண்டு கையாலும் சீட்டின் முனையைப் பிடித்தான். அப்போதுதான் மச்சான் கிழிக்க வேண்டாம் என்றார், பேனாவைக் கேட்டார்.

கொடுத்தேன். சீட்டை வாங்கி என் காரின் முன்மூடியில் வைத்து, காற்றில் பறக்காமல் இடது கையால் அழுத்திக்கொண்டார். இந்த முறை அதை எதுவும் மூடியிருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் பார்க்கவே, எட்டுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.